குழாயின் உட்பக்கம்

பிப்ரவரியில் ஹொர்சன்ஸ் நகரம்
எட்டு மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் நான் இரண்டு இணைப்பு முடித்திருப்பேன்.
பால் ஆலைக்குப் போகவேண்டிய எவர்சில்வர் குழாய்கள்
கட்டைகள் மேல் வரிசையாகக் கிடக்கும்,
கைவைத்தால் விரல் ஒட்டும் குளிரில்.

தலைமையகம் அனுப்பிய பிரெபன்
கழுத்தில் ஸ்டாப்வாட்சோடு வந்தான்.
"யூட்டே, உன் கை மெதுவாக நகர்கிறது.
நாளொன்றுக்கு ஒன்பது போதாது. பதினான்கு வேண்டும்."

மறுநாள் பதினான்கு கொடுத்தேன்.
ரோஷம்தான், வேறென்ன.
குழாய்க்குள் இருந்த காற்று முழுக்க வெளியேறுமுன்
பற்றவைத்தேன். ஒத்துக்கொள்கிறேன்.
வெளியிலிருந்து பார்த்தவர் யாரும் குறை சொல்ல முடியாது:
சில்லறைக் காசைச் சரித்து அடுக்கியதுபோல்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த வரி,
ஓரத்தில் மயில்கழுத்து நிறம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

எப்பே அவசரப்படாத ஆள்.
கேமராக் கம்பியை உள்ளே விட்டான்.
திரையில் தெரிந்தது
அடிப்பிடித்த பாத்திரத்தின் அடி.
கறுத்து, பொரிந்து, சொரசொரத்து.
எங்கள் தொழிலில் இதற்குச் சர்க்கரை என்று பெயர்.
யாருக்கும் இனிக்காத சர்க்கரை.
அதன் பொத்தல்களில் நேற்றைய பால் தங்கும்,
இன்றைய பாலைக் கெடுக்கும்,
எவ்வளவு கழுவினாலும் போகாது.

ஆறை வெட்டி எறிந்தோம்.
பதினான்கில் ஆறு போனால் எட்டு.
எட்டு, ஒன்பதைவிடக் குறைவு.
இதைக் கண்டுபிடிக்கத் தலைமையகம் தேவையில்லை.

"பிரெபன், என் கை ஓடுவதை அளக்காதே.
அது சும்மா இருப்பதை அள."
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரச் சொன்னேன்.
உட்கார்ந்தான். கோட்டு அழுக்கானது.

ஆறு மீட்டர் குழாய் முழுவதும் ஆர்கான் நிறைய
முப்பத்தொரு நிமிடம்.
கிரேன் வந்துசேர ஒன்பது.
கோணலாய் அறுத்து அனுப்பிய முனையை
நான் மறுபடி சீவ ஏழு.
நெருப்பு எரிந்தது
ஆறே நிமிடம்.

அவன் வாட்சைக் குலுக்கிப் பார்த்தான்.
பழுதில்லை.

குழாய் முழுவதையும் எதற்கு நிரப்பவேண்டும்?
இணைப்புக்கு இருபுறமும் ஒரு சாண் தள்ளி
ரப்பர்த் தக்கை இரண்டு, இழுக்க ஒரு கயிறு,
வாயு நுழைய ஒரு குழல், வெளியேற ஒரு துளை.
மீட்டரில் ஆக்ஸிஜன் எண் சரிகிறது,
ஆயிரம், முந்நூறு, தொண்ணூறு,
பத்து லட்சத்தில் ஐம்பதுக்குக் கீழே.
நான்கு நிமிடம்.
அதற்கும் குறைந்தால் டார்ச்சைத் தொடமாட்டேன்,
ராஜாவே வந்து நின்றாலும்.

அதோடு முடியவில்லை.
புதன்கிழமை மறுபடி இரண்டு கறுத்தன.
தக்கையைச் சபித்தோம், சிலிண்டரைச் சபித்தோம்,
கடைசியில் பார்த்தால்
ரிம்விதஸ் லாரிக் கதவைத் திறந்துபோட்டிருக்கிறான்.
கடற்காற்று, டார்ச்சின் வாயுப் போர்வையை
ஊதி விலக்கியிருக்கிறது.
சாதா இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷால்
என் குழாயைத் தேய்த்ததும் அவன்தான்.
இப்போது என் பிரஷ்ஷின் பிடிக்குப் பச்சைப் பெயின்ட்.
தொட்டால் காபி வாங்கித்தர வேண்டும்.
இதுவரை பதினொரு காபி குடித்தாயிற்று.

நேற்று பதினாறு இணைப்பு.
என் கை அதே வேகத்தில்தான் நகர்ந்தது.
எப்பே உள்ளே பார்த்தான்:
வைக்கோல் நிறம், சில இடத்தில் அதுவும் இல்லை.
"ம்" என்றான்.
அவன் அகராதியில் அது நீண்ட வாக்கியம்.

பிரெபனின் அறிக்கையில் என் பெயர் இல்லை.
வாளியின் பெயரும் இல்லை.
போகும்போது ஸ்டாப்வாட்சை மறந்துவிட்டான்.
உணவு இடைவேளையில் முட்டை வேகவைக்க
அதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.
அதற்கும் நான்கு நிமிடம்தான்.
ஓட்டை உடைத்தால் கரு பொன்னாய் இளகி நிற்கிறது.

ரிம்விதஸ் உப்பை நீட்டுகிறான்.
முதலில் போய்க் கதவை மூடு, என்கிறேன்.